ஈறிலே எழுதிய சரித்திரம்

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் பல் ஏன் போகிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர், "வயசானால் போகவேண்டியதுதானே!" என்று சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவோம். தலை நரைப்பதும் பல் விழுவதும் முதுமைக்கு ஈசன் வகுத்த இரட்டை அடையாளங்கள் என்பது நம் எண்ணம். இந்த எண்ணம் சரியல்ல என்பதை உலகத்து வைத்தியர்களுக்கு விளங்கவைத்தவர்களுள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்த் தொழிலாளிகளும் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

1970-ஆம் வருஷத்தில் ஹரால்ட் லோ என்னும் நார்வே தேசத்துப் பல் வைத்திய நிபுணரும் அவருடைய சகாக்களும் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வேலை செய்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டார்கள். பிறகு 1985 வரையில் பல முறை திரும்பி வந்து, அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். அத்தொழிலாளர்கள் பல் துலக்கும் தூரிகையை அறியாதவர்கள். பல்லுக்கு வைத்தியம் என்பதும் அவர்களை எட்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே விதமான வேலை. ஒரே விதமான வாழ்க்கை. எல்லோருடைய பல்லிலும் காறை படிந்திருந்தது. எல்லோருடைய ஈறும் அழற்சி கண்டிருந்தது.

அப்படியானால் எல்லோருடைய பல்லும் ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு வியாதி காட்டுத்தீபோல் பரவிற்று. 81 பேருக்கு நடுத்தரமான வேகத்தில் வளர்ந்தது. எஞ்சிய 11 பேருக்கோ ஈறு வீங்கியதோடு சரி. அதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. 35 வயதில் கணக்குப் பார்த்தபோது, முதல் வகுப்பினருக்குப் பல்லை எலும்போடு பிணைத்து நிற்கும் பிடிப்பு சராசரி 9 மில்லிமீட்டர் அளவுக்கு அழிந்திருந்தது. இரண்டாம் வகுப்பினருக்கு 4 மில்லிமீட்டர். மூன்றாம் வகுப்பினருக்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை.

வயது ஒன்று, வாழ்க்கை ஒன்று, அழுக்கும் ஒன்று. பலன் மட்டும் ஏன் மூன்று விதம்? தலையெழுத்து என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் விஞ்ஞானம் அந்தத் தலையெழுத்தையும் எழுத்துக் கூட்டி வாசிக்க முயல்கிறது. விடையில் ஒரு பகுதி மனிதனுடைய தேக அமைப்பைச் சேர்ந்தது. மற்றொரு பகுதி, அவன் வாயில் குடியிருக்கும் கிருமி எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டாவது பகுதியைப்பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

வாய்க்குள்ளே நடக்கும் யுத்தம்

1683-ல் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் லீவன்ஹூக் என்ற ஜவுளி வியாபாரி, தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டியெடுத்த வெண்மையான பொருளைத் தாமே செய்த பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே உயிருள்ள சிறு ஜந்துக்கள் துள்ளி விளையாடுவதைக் கண்டு பிரமித்து, லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதம் எழுதினார். அன்று அவர் கண்டவைதாம் நாம் இன்று பாக்டீரியா என்று சொல்லும் கிருமிகள். மனிதர் வாயில் வாழும் கிருமிகளில் ஏறக்குறைய 700 இனங்கள் உண்டென்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை.

பல்லைத் துலக்காவிட்டால் இக்கிருமிகள் கூடி ஈறோரத்தில் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. நாளடைவில் அது இறுகிக் காறையாகிறது. தேகம் தன் காவற்படையாகிய இரத்தத்து வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இந்த நிலை வரையில் பயமில்லை. 1965-ல் டென்மார்க்கிலுள்ள ஆர்ஹஸ் நகரத்தில் அதே ஹரால்ட் லோ ஒரு பரீட்சை செய்தார். 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் எல்லோருக்கும் குணமாகிவிட்டது.

யுத்தம் நீடித்தால் கதை வேறு. ஈறு பல்லை விட்டு விலகி, நடுவே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. அதற்குள் காற்றை வெறுக்கும் கிருமிகள் குடிபுகுகின்றன. பகைவனை அழிக்கப் புறப்பட்ட சேனை சொந்த ஊரையே கொளுத்துவது போல், தேகத்தின் எதிர்ப்பே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. பல் ஆடுகிறது; பிறகு விழுகிறது. முன்காலத்தில் பத்திரிகை விளம்பரங்களில் 'பயோரியா' என்று படித்துப் பயந்தோமே, அது இந்த வியாதிதான். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. உலகம் முழுவதும் 100 கோடிக்கு மேற்பட்ட மனிதர்களுக்கு இவ்வியாதி கடுமையான நிலையில் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

பெயர் ஒன்று, குணம் பல

1912-ல் கிளிங்கர் என்பவர் ஒரு கிருமியைக் கண்டு விவரித்தார். வேறொரு கிருமியோடு சேர்ந்தே அது காணப்பட்டதால், 'துணையாக வருவது' என்ற பொருள்பட அதற்குப் பெயர் அமைந்தது. ஆக்டினோமைசெட்டெம்கோமிட்டன்ஸ் என்பது அத்திருநாமம். அதை ஒரே மூச்சில் உச்சரிப்பதற்குள் ஆடுகிற பல் விழுந்துவிடும்! ஆகையால் இக்கட்டுரையில் நாம் அதைத் துணைக்கிருமி என்றே அழைப்போம். பிற்காலத்தில், சிறுவர்களுக்கும் வாலிபர்களுக்கும் திடீரென்று கடைவாய்ப் பல்லும் முன்வாய்ப் பல்லும் ஆட்டங்கொடுக்கும் விசித்திர வியாதியில் இக்கிருமிக்குப் பெரும் பங்கு உண்டு என்று தெரியவந்தது.

ஆனால் ஒரு சிக்கல். வியாதியே இல்லாத பலருடைய வாயிலும் துணைக்கிருமி இருந்தது. குற்றம் நடந்த வீட்டிலும் அதே ஆள், நடக்காத வீட்டிலும் அதே ஆள் என்றால் பழியை யார்மேல் போடுவது?

எங்கள் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் மூன்று கிருஷ்ணமூர்த்திகள் இருந்த வருஷம் உண்டு. ஒருவன் சாது, ஒருவன் வாயாடி, மூன்றாமவன் அடுத்தவன் மைக்கூட்டைக் கவிழ்ப்பவன். "கிருஷ்ணமூர்த்தி எப்படிப்பட்ட பையன்?" என்று யாராவது கேட்டால், "எந்தக் கிருஷ்ணமூர்த்தி?" என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டியிருந்தது. கிருமிகளின் விஷயமும் இதுவே. துணைக்கிருமி என்பது ஒரே பெயரில் வாழும் பல குலங்களின் கூட்டம். மேலே போர்த்திருக்கும் சர்க்கரைப் போர்வையின் வேறுபாட்டைக் கொண்டே அதை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே மரபணுக்களை வாசித்தாலோ வேறுபாடுகள் இன்னும் பெருகுகின்றன.

மரபணு என்பது என்ன? ஒவ்வோர் உயிரின் உள்ளும் நான்கே எழுத்துக்கள் கொண்ட ஒரு நெடுங்கணக்கால் எழுதப்பட்ட நூல் இருக்கிறது. அந்நூலின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மரபணு. ஏதாவதொரு பொருளைச் செய்வதற்கான குறிப்பு. துணைக்கிருமியின் நூலில் சுமார் 21 லட்சம் எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, மனித இரத்தத்து வெள்ளணுக்களைக் கொல்லும் விஷத்தைச் செய்வதற்கான குறிப்பு. அதற்கு முன்னால், எவ்வளவு செய்யவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று இருக்கிறது.

ஜே.பி.2 என்று விஞ்ஞானிகள் குறிப்பிடும் ஒரு குலத்தில் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து 530 எழுத்துக்கள் உதிர்ந்துபோயிருக்கின்றன. 1994-ல் இது வெளியாயிற்று. சமையற் குறிப்பு மாறவில்லை. 'ஒரு சிட்டிகை போதும்' என்று எழுதியிருந்த வரி மட்டும் கிழிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் இக்குலம் தன் இனத்தாரைவிடப் பத்து முதல் இருபது மடங்கு அதிகமாக விஷத்தை உண்டாக்குகிறது. காவற்படை வரவர மடிகிறது, கோட்டை இடிகிறது.

ராபாத் நகரத்து மாணவர்கள்

530 எழுத்துக்கள் இல்லாமற்போனதால் ஒரு பிள்ளையின் பல்லுக்கு உண்மையிலேயே ஆபத்து வருமா? சோதனைக்கூடத்துக் குடுவையில் காண்பது வேறு, மனிதர் வாயில் நடப்பது வேறு அல்லவா? இதைத் தீர்மானிக்க மொராக்கோ தேசத்து ஆராய்ச்சிக்காரர்களும், ஆர்ஹஸ் நகரத்து டோர்ட்டே ஹௌபெக் என்ற அம்மையாரும், அவருடைய சகாக்களும் ராபாத் நகரத்துப் பள்ளி மாணவ மாணவியரை நாடினார்கள். இந்த வியாதி இல்லாத 682 பேரைத் தேர்ந்து, எவர் வாயில் எந்தக் குலம் இருக்கிறது என்று குறித்து வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களில் 428 பேர் மறுபடியும் பரிசோதனைக்கு வந்தார்கள்.

2008-ல் லான்செட் வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. துணைக்கிருமியே இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், அக்கிருமியின் சாதாரணக் குலங்களை மட்டும் சுமந்த பிள்ளைகளுக்குப் பல்லின் பிடிப்பு அழியும் அபாயம் 3 மடங்காக இருந்தது. ஜே.பி.2 குலத்தை மட்டும் சுமந்தவர்களுக்கோ 18 மடங்கு! ஒரே பெயர்; ஒன்றுக்கு மூன்று, மற்றொன்றுக்குப் பதினெட்டு. 'இந்தக் கிருமி இருக்கிறதா?' என்ற கேள்வி மட்டும் போதாது, 'எந்தக் குலம்?' என்றும் கேட்கவேண்டும் என்பது இதனால் நிலைபெற்றது.

பாடபேதமும் கப்பல் வழியும்

இந்தக் குலம் எங்கே தோன்றிற்று? இங்கேதான் வைத்திய சாஸ்திரம் சரித்திரமாக மாறுகிறது.

மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார் என்பது வாசகர்கள் அறிந்ததே. சுவடிகளை ஆராய்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஏடு எழுதுவோன் ஓரிடத்தில் பிழை செய்தால், அந்த ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்யும் அனைவரும் அதே பிழையைச் செய்வார்கள். ஆகவே இரண்டு சுவடிகளில் ஒரே விசித்திரப் பிழை காணப்பட்டால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். பிழையே வம்சத்தின் அடையாளம்!

கிருமியும் தன் நூலைப் பிரதி செய்துகொண்டே பெருகுகிறது. பயன்பாட்டிலுள்ள மரபணுவில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் கிருமி நலிந்துவிடும். செயலற்றுப்போன மரபணுவிலோ பிழை நேர்ந்தாலும் கேட்பாரில்லை; அது அப்படியே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். ஹௌபெக் அம்மையாரும் கிலியான் முதலிய சகாக்களும் பல தேசத்து நோயாளிகளிடமிருந்து கிடைத்த ஜே.பி.2 கிருமிகளை எடுத்து, இத்தகைய பாடபேதங்களை ஒப்பிட்டு, 2007-ல் வெளியிட்டார்கள். இக்குலம் சுமார் 2,400 வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவின் மத்தியதரைக் கடலோரத்தில் தோன்றியிருக்கவேண்டும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. அங்கிருந்து அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பரவிற்று. அட்லாண்டிக் மகா சமுத்திரத்துக்கு அப்பால் அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த கிருமிகளும் மேற்கு ஆப்பிரிக்கக் கிளையோடு உறவு காட்டின.

சமுத்திரத்தை அது எப்படித் தாண்டிற்று? கிருமிக்குச் சிறகில்லை. மனிதருடைய எச்சில்தான் அதன் வாகனம். நெருங்கிய குடும்ப வாழ்க்கையில் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் போகிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். சுமார் 18 லட்சம் பேர் வழியிலேயே மாண்டார்கள். பிழைத்துக் கரை சேர்ந்தவர்களிடம் நிலமில்லை, பொருளில்லை, சொந்தப் பெயர்கூட விடப்படவில்லை. வாயிலிருந்த கிருமி மட்டும் கூட வந்தது. கப்பல் முதலாளிகளின் கணக்குப் புத்தகங்கள் எத்தனையோ அழிந்துபோயிருக்கலாம். ஆனால் அந்தப் பாவத்தின் வழித்தடம், கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்களில், அவர்களுடைய சந்ததியாரின் ஈறுகளில் இன்றும் வாசிக்கக் கிடக்கிறது.

பழி யார்மேல்?

அமெரிக்காவில் இளம் வயதில் வரும் இந்தக் கடும் வியாதி கறுப்பு மக்களிடையே அதிகமாகக் காணப்பட்டது. ஜே.பி.2 குலமும் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சத்தாரிடமே கிடைத்துவந்தது. இதைக் கண்டதும், அவர்களுடைய இன இயல்பே அப்படியோ என்று எண்ணத் தோன்றுவது எளிது. ஒரு ஜாதியாரின் வறுமைக்கும் வியாதிக்கும் அவர்களுடைய இரத்தமே காரணம் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குப் பொறுப்பு விட்டது அல்லவா? அந்நியர் ஆட்சியில் நம்மைப்பற்றியும் இத்தகைய சித்தாந்தங்கள் சொல்லப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை.

2011-ல் ஸ்வீடன் தேசத்தில், ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினரின் வாயில் ஜே.பி.2 குலம் இருப்பது வெளியிடப்பட்டது. கிருமிக்கு நிறபேதம் தெரியாது. இடம் கிடைத்தால் குடியேறும். எந்த ஜனங்களிடையே அது நெடுங்காலம் சுற்றிவந்தது என்பது சரித்திரத்தால் நேர்ந்தது. இரத்தத்தின் குற்றத்தால் நேர்ந்ததன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜே.பி.2 ஒன்றே பல்லைக் கெடுப்பதென்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அக்குலத்தைச் சுமப்பவர் எல்லோருக்கும் வியாதி வருவதுமில்லை. வயது வந்தோரின் ஈறு வியாதியில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற வேறொரு கிருமி முக்கியமானது. அதுவும் ஒரே குணமுடையதன்று. அது பற்றிக்கொள்ள உதவும் மெல்லிய இழைகளின் மரபணுவைக் கொண்டு ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்; அவற்றுள் இரண்டாம் வகை நோயுற்ற வாய்களிலே அதிகமாகக் காணப்படுகிறது. இவற்றோடு, புகையிலையும் நீரிழிவும் சேர்ந்தால் எந்தக் கிருமிக்கும் கொண்டாட்டந்தான்.

நாம் செய்யத்தக்கது

நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் எந்தக் குலம் இருக்கிறது என்று நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குலமானாலும் அதற்குக் குடியிருக்க ஈறோரத்துப் படலம் வேண்டும். காலையிலும் இரவு படுக்கப் போகுமுன்னும் ஈறோரம் வரையில் நன்றாகத் துலக்கினால் அந்தக் குடியிருப்பு கலையும். துலக்கும்போது இரத்தம் வந்தால், "சூடு" என்று சொல்லித் துலக்குவதை நிறுத்திவிடுவது நம்மிடையே உள்ள பெரிய தவறு. அப்போதுதான் இன்னும் கவனமாகத் துலக்கவேண்டும். இரத்தம் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லோ முன்பல்லோ ஆடுகிறதென்றால் அது விளையாட்டில் அடிபட்டதென்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது. சொத்தை இல்லாமலே, வலி இல்லாமலே இவ்வியாதி எலும்பைத் தின்னக்கூடும். அந்தப் பிள்ளையோடு அதன் உடன்பிறந்தாரையும் பரிசோதிக்கச் செய்வது நல்லது. ஏனெனில் கிருமி குடும்பத்துக்குள் கைமாறுவது. காலத்தில் பார்த்தால், காறையை வேர்வரை சுரண்டி நீக்கி, அவசியமானால் வைத்தியர் தரும் மருந்தும் உட்கொண்டு, பல்லைக் காப்பாற்றிவிடலாம். மருந்தை மட்டும் நாமாகக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. மருந்துக்குப் பழகிய புதுக் குலங்களை வளர்த்துவிட்ட பழி நம்மைச் சேரும்.

2010-ல் ஆராய்ச்சிக்காரர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைத் தேடி மறுபடியும் போனார்கள். நாற்பது வருஷங்களுக்கு முன் பரிசோதிக்கப்பட்ட 480 பேரில் 75 பேரைப் பார்க்க முடிந்தது. உலகத்துப் பல் வைத்தியப் புத்தகங்களிலெல்லாம் அவர்களுடைய வாயின் கதை ஏறிவிட்டது. அந்த மனிதர்களின் பெயர் எதிலும் இல்லை. மலைச் சரிவில் கொழுந்து வளர்த்த கூட்டமும், கரும்புத் தோட்டத்தில் அடிமைப்பட்ட கூட்டமும், ராபாத் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து நமக்குக் கற்பித்த பாடம் இது. நம்மால் ஆன பதில் உபகாரம் ஒன்று உண்டு. பல் துலக்கத் தூரிகை கிடைக்காத பிள்ளை, வைத்தியரைக் காணாத பிள்ளை நம் ஊரில் எவரேனும் இருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்போம். அடுத்த வாரம் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கை எடுக்கப்போகிறோம். வாசகர்களும் தத்தம் தெருவில் எடுக்கலாமே!